ஜென்னுக்கு 1.6 இன்ஜின் ஏத்தறதா, இல்ல வேகமான வண்டியே வாங்கிக்கறதா?

திருப்பூர்ஜென்02:

வணக்கமுங்க. வண்டி 2002 மாருதி ஜென், எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வெச்ச பெட்ரோல் இன்ஜின்), 1,18,000 கிமீ ஓடியிருக்கு. பாடியில துரு இல்ல, ஏசி நல்லா இருக்கு. 2022-ல ஆர்சி புதுப்பிச்சாச்சு, அடுத்தது 2027-ல. குறை ஒண்ணே ஒண்ணுதானுங்க, இழுவை. பெருமாநல்லூர் தாண்டி என்எச் 544-ல நாலு பேரோட ஏசி போட்டுட்டுப் போனா, லாரியைத் தாண்ட மூணாவதுக்கு எறக்கி மிதிச்சாலும் நகர மாட்டேங்குது. மாசம் ஒருக்கா வால்பாறை போகோணும். ஆழியாறுக்கு மேல ரெண்டாவது கியரை விட்டு மாத்தவே முடியறதில்ல.

கோயமுத்தூர்ல ஒரு பட்டறையில கொட்டேஷன் வாங்கினேன். பழைய பலேனோ (அந்தக் காலத்து செடான்) 1.6 இன்ஜின், கியர்பாக்ஸ், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), வயரிங், ஏத்தற கூலி எல்லாஞ் சேத்து 1,60,000. பத்து நாள்ல தர்றேங்கறாங்க. இல்லாட்டி ஜென்னை வித்த காசோட 5 லட்சம் வரைக்கும் போட்டு செகண்ட்ஸ்ல போலோ ஜிடி டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ், ஃபிகோ 1.5 டீசல் மூணுல ஒண்ணு. எது சரி வரும்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. மனசு என்னமோ ஜென்னு பக்கந்தான் இருக்குதுங்க.

போர்பிஸ்டன்:

தம்பி, ரெண்டுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்குது. இப்ப உள்ள 1.0 இன்ஜின் நல்லா இருக்குதான்னு பாத்தீங்களா? ஜென் சுமார் 765 கிலோ வண்டி, 60 குதிரை. நாலு பேரும் ஏசியும் இருந்தா திணறும், அது நெசம். ஆனா மூணாவதுல மிதிச்சும் "நகரவே மாட்டேங்குது"ன்னா அது சிசி கம்மிங்கறதால மட்டும் வர்றதில்ல.

மொதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காத்தை எவ்வளவு அமுக்குதுன்னு பாக்கறது. வண்டியைச் சூடு பண்ணிட்டு நாலு பிளக்கையும் கழட்டுங்க. பெட்ரோல் பம்பு ஃபியூஸை உருவிருங்க, காயில் கனெக்டரைக் கழட்டிருங்க. பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கோணும். ஒருத்தர் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டே செல்ஃப் அடிக்கட்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாலஞ்சு அமுக்கு. பிளக் ஓட்டையில மாட்டற கம்ப்ரஷன் கேஜ்ல நாலும் 12 பாருக்குப் பக்கத்துல வரோணும், ஒண்ணுக்கொண்ணு 1 பாருக்கு மேல வித்தியாசம் கூடாது. ஆக்சிலரேட்டரை மிதிக்காம எடுத்த அளவு அத்தனையும் பொய்யி. த்ராட்டில் (இன்ஜினுக்குக் காத்து போற வழியைத் திறந்து மூடற தகடு) மூடியிருந்தா காத்தே உள்ள போகாது.

அப்படியே ஏர் ஹோஸைக் கழட்டிப்போட்டு, பெடலை அடி வரைக்கும் மிதிச்சா த்ராட்டில் தகடு நேரா நிக்குதான்னு பாருங்க. கேபிள் தொளதொளன்னு இருந்தாலோ, அடியில மேட்டு மடிஞ்சு கெடந்தாலோ முக்கால்வாசிதான் திறக்கும். அப்புறம் நாலாவது கியர்ல 50-ல போய் முழுசா மிதிங்க. ஆர்பிஎம் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. கடைசியா நாலு சக்கரத்தையும் ஜாக்கியில தூக்கி கையால சுத்திப் பாருங்க, பிரேக் புடிச்சுக்கிட்டே ஓடற வண்டி எத்தனையோ இருக்குது. மொத்தமா அரை நாள் வேலை.

இனி அந்த 1,60,000. அதுல என்ன இருக்குன்னு சொல்லியிருக்கீங்க, இல்லாததை நான் சொல்றேன்.

ஜென்னோட 1.0, எஸ்டீமோட 1.3, பலேனோவோட 1.6 மூணும் சுசுகி ஜி குடும்பந்தான், அதனாலதான் இது "ஈஸி"ன்னு பேராச்சு. ஆனா 1.0-வோட ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்கற தூரம்) 61 மிமீ, 1.3 75.5, 1.6 90. ஸ்ட்ரோக் ஏறினா பிளாக்கும் உசரமாகும். பானெட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல எடம், சம்புக்கும் (இன்ஜின் அடியில உள்ள ஆயில் தொட்டி) ரோட்டுக்கும் நடுவுல எடம், ரெண்டுல ஒண்ணு அடி வாங்கும். இன்ஜினைத் தாழ்த்தி மாட்டினா ஆக்சில் கோணம் மாறிப்போகும், உள்பக்க ஜாயிண்ட் பூட்டு சீக்கிரம் கிழியும், மிதிக்கறப்ப வண்டி நடுங்கும்.

ஆக்சிலைத் தனியாக் கேளுங்க. பலேனோ கியர்பாக்ஸ், ஜென் ஹப்பு. ரெண்டையும் சேர்க்க ஷாஃப்டை வெட்டிப் பத்த வெக்கறேன்னா அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்துருங்க. சூடு போட்டுக் கெட்டியாக்கின இரும்பு அது. வெல்டிங் சூட்டுல அந்தக் கெட்டித்தன்மை போயிரும், ஒட்டுப்போட்ட எடத்துக்குப் பக்கத்துலயே முறியும். அதுவும் ஏத்தத்துல முழு இழுவையில இருக்கறப்பத்தான் முறியும். ஷாஃப்ட் முனையில உள்ள ஸ்ப்ளைன் பல்லு எண்ணி, பொருந்தற ஜாயிண்ட்டும் ஷாஃப்டும் தேடி எடுக்கோணும், இல்லாட்டி நல்ல லேத்துல புதுசா ஷாஃப்ட் கடைஞ்சு சூடு போட்டு வாங்கோணும்.

கொட்டேஷன்ல ரேடியேட்டர் இல்ல. ஜென் ரேடியேட்டர் 60 குதிரைச் சூட்டுக்குப் போட்டது. ஆழியாறு ஏத்தத்துல ஏசியோட 1.6-ஐ அது தாங்காது. சைலன்சர் பைப்பும் இல்ல, ஜென் பைப்பு வழியா 1.6 மூச்சு விட்டா மேல் ஆர்பிஎம்ல அடைச்சுக்கும். பிரேக் இல்லவே இல்ல. ஈசியூ எடுக்கறப்ப அந்த வண்டியில இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) இருந்தா அந்தச் சாவியும் கூடவே வரோணும், இல்லாட்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஈசியூவுக்கு வேக சிக்னலும் போகோணும், போகலைன்னா நின்னா ஐடில் ஏறி எறங்கும், செக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். வயரை முறுக்கி டேப் சுத்தறவங்க கையில இந்த வேலையைக் குடுத்தா ஆறு மாசத்துக்கு ஃபால்ட் தேடறதே பொழப்பாயிரும். ஒவ்வொரு ஒட்டும் சால்டர் வெச்சு ஸ்லீவ் போட்டிருக்கோணும்.

பத்து நாள்னு சொன்னாங்களா? இன்ஜினை ஏத்தி எறக்க பத்து நாள் போதும். மிச்ச வேலை அதுக்கப்புறந்தானே இருக்குது.

கணக்குப்புள்ள:

போர்பிஸ்டன் அண்ணா வேலைப்பாட்டைச் சொல்லிட்டாரு, நான் எண்ணைச் சொல்றேன். எடை எல்லாம் சுமாரான அளவு.

காலி வண்டியில, டன்னுக்கு எத்தனை குதிரைன்னு பாத்தா இப்ப உள்ள ஜென் 78. 1.6 ஏத்தின ஜென் 94 குதிரை, 790 கிலோன்னு வெச்சா 119. பலேனோ ஆர்எஸ் 101 குதிரை, 950 கிலோ, 106. போலோ ஜிடி டிஎஸ்ஐ 104 குதிரை, 1,100 கிலோ, 94. ஃபிகோ டீசல் 99 குதிரை, 1,040 கிலோ, 95. இந்த வரிசையைப் பாத்துத்தான் எல்லாரும் ஜென்னுக்கு இன்ஜின் மாத்தக் கெளம்பறாங்க.

ஆனா நீங்க காலி வண்டி ஓட்டறதில்லையே. நாலு பேரும் மூட்டையும் சேத்து 280 கிலோ ஏத்துங்க. ஜென் 57, 1.6 ஜென் 88, ஆர்எஸ் 82, போலோ 75, ஃபிகோ 75. 119-க்கு 106-ன்னு இருந்த எடைவெளி 88-க்கு 82-ன்னு சுருங்கிருச்சு பாருங்க. இலேசான வண்டியோட லாபத்தை ஆள் கூடக் கூட ஆளே தின்னுருவாங்க.

டார்க்கையும் (இன்ஜின் சுத்தித் திருப்பற விசை, அளவு என்எம்) பாக்கோணும், உங்க ரெண்டு குறையுமே கீழ் ஆர்பிஎம் குறைதான். பலேனோ 1.6-ல 130 என்எம், அதுவும் 3,000 ஆர்பிஎம் பக்கம். ஆர்எஸ்ல 150, 1,700-லயே வந்துரும். போலோவுல 175. ஃபிகோவுல 215, 1,750-ல இருந்து. டீசல் கியரு நீளம், அதனால 215-ஐ அப்படியே பெட்ரோலோட வெச்சுப் பேச முடியாது. ஆனாலும் லாரி பின்னால 60-ல போய்க்கிட்டு கியர் மாத்தாம மிதிச்சா முன்னால போறது ஃபிகோதான்.

வால்பாறை சுமார் 3,500 அடி. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த ஒசரத்துல பத்துல ஒரு பங்கு சக்தியை விட்டுரும், ஏன்னா காத்து அடர்த்தி கம்மி. உங்க 1.0-வும் விடும், 1.6-ம் விடும். டர்போ வண்டிங்க மூணும் அந்தக் குறையைத் தானே ஈடு கட்டிக்கும்.

பிரேக்கைப் பத்தி ஒரே ஒரு கணக்கு. நிறுத்தறப்ப பிரேக்குல சேர்ற சூடு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80-ல இருந்து நிக்கறதுக்கும் 110-ல இருந்து நிக்கறதுக்கும் 1.9 மடங்கு வித்தியாசம். 1.6 போட்டா நீங்க 110-ல போவீங்க, அதுக்குத்தானே போடறது. ஜென்னோட டிஸ்க்கும் 145 அகல டயரும் அதே பழசா இருக்கும். வால்பாறையில இருந்து எறங்கறப்ப 40 கொண்டை ஊசி வளைவு, ஏபிஎஸ் கெடையாது, ஏர்பேக் கெடையாது.

சேசிஸ்நம்பர்:

சட்டத்தை இன்னும் யாரும் தொடலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில உள்ள விவரம் கம்பெனி குடுத்த அளவுல இருந்து மாறற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு இருக்கு. 2019 ஜனவரியில கேரள வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி பண்ணிருச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாம மாத்தின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே.

"யாரு பாக்கப் போறாங்க"ன்னு பட்டறையில சொல்லுவாங்க. 2027-ல ஆர்சி புதுப்பிக்கறப்ப இன்ஸ்பெக்டர் பாப்பாரு. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் பென்சில்ல தேய்ச்சு எடுக்கோணும். மாருதியில இன்ஜின் நம்பரே இன்ஜின் வகையோடதான் ஆரம்பிக்கும். உங்க ஆர்சியில ஜி10பி-ன்னு இருக்கும், பிளாக்குல ஜி16பி-ன்னு அடிச்சிருக்கும். படிக்கத் தெரிஞ்சா போதும், வேற கண்டுபிடிப்பே வேண்டாம். அந்த நம்பரை ராவி வேற அடிச்சுத் தர்றேன்னு ஒருத்தன் வருவான், அது போலீஸ் கேஸ், பக்கத்துலயே போகாதீங்க.

அதைவிடப் பெருசு இன்சூரன்ஸ். விபத்துன்னு வந்தா சர்வேயர் மொதல்ல பாக்கறதே இந்த நம்பரைத்தான். சொல்லாம மாத்தின இன்ஜின்னா ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) கிளைமை நிறுத்தறதுக்கு அவங்களுக்கு அந்தக் காரணமே போதும்.

அனுமதிக்கற வழி ஒண்ணு இருக்கு. அதே வகை 1.0 இன்ஜின் வாங்கிப் போட்டா ஆர்டிஓ ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டு, மாத்தினப்புறம் 14 நாளுக்குள்ள தெரிவிச்சு, ஆர்சியில புது நம்பர் ஏத்திக்கலாம். உக்கடத்துல பழைய இன்ஜின் எடுத்தீங்கன்னா இன்ஜின் நம்பரோட பில்லு வாங்காம காசு குடுக்காதீங்க. அந்த இன்ஜின் எந்த வண்டியில இருந்து எறக்கினதுன்னு காகிதமும் வேணும்.

செட்டிபாளையம்சுத்து:

எல்லாருஞ் சேந்து ஒரேயடியா பயமுறுத்தாதீங்க. இன்ஜின் மாத்தறதே தப்புங்கற மாதிரி பேச்சு போகுது. ஆர்சியை ஒப்படைச்சுட்டு ரோட்டுல எறக்காம, செட்டிபாளையத்துல உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குக்கு டிரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோற வண்டின்னா ஜென்னு மாதிரி அருமையான வண்டி கெடையாது. 2.1 கிமீ ட்ராக், நீட்டம் கம்மி, வளைவு எச்சா, இலேசான வண்டிக்குன்னே போட்ட மாதிரி இருக்கும். ஆனா அங்கயும் 1.6 வேண்டாம்பேன். எஸ்டீம் 16 வால்வு 1.3 போதும். 85 குதிரை, பிளாக் உசரம் கம்மி, மூக்குல பாரம் ஏறாது, வளைவுல முன்பக்கம் வெளிய ஓடறதும் கம்மி. மொதல் காசு பிரேக் பேடுக்கும் டயருக்கும் சீட் பெல்ட்டுக்கும், மிச்சம் இருந்தாத்தான் இன்ஜினுக்கு.

கேட்ட தம்பிக்கு வேண்டியது குடும்பத்தோட வால்பாறை போற வண்டி. அதுக்கு இது இல்ல, அதுல எனக்கும் மறுபேச்சு இல்லீங்க.

திருப்பூர்ஜென்02:

எல்லாருக்கும் நன்றிங்க. 1.6-ஐ விட்டுட்டேன். டிரெய்லரும் ட்ராக்கும் நமக்குக் கட்டாது. வாங்கறதா இருந்தா அந்த மூணுல எதுங்க, எதைப் பாத்து வாங்கறது? நாளைக்குக் கம்ப்ரஷன் பாத்துட்டு எழுதறேன்.

கணக்குப்புள்ள:

போலோ ஜிடி டிஎஸ்ஐ-ன்னா 2013-ல இருந்து வந்த 1.2, 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வெச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). நெடுஞ்சாலையில சொகம். ஆனா அந்த கியர்பாக்ஸ்ல ரெண்டு கிளட்ச்சும் ஆயில்ல ஊறாத உலர் கிளட்ச். ஏத்தத்துல கொண்டை ஊசியில ஊர்ந்து ஊர்ந்து ஏறறப்ப அதுக்குச் சூடு ஏறும். மெகாட்ரானிக்ஸ் (அந்த கியர்பாக்ஸை இயக்கற கம்ப்யூட்டர் பாகம்) போச்சுன்னா செலவு பெருசு. டெஸ்ட் ட்ரைவ்ல அரை மணி நேரமாவது ட்ராஃபிக்ல ஓட்டுங்க, இன்ஜின் சூடானப்புறம் ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாறறப்ப வெட்டுதா, ரிவர்ஸ் போட்டா தாமதமா புடிக்குதான்னு பாருங்க. மாசம் ஒருக்கா மலை ஏறறவங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஃபிகோ 1.5 டீசல் இழுவைக்கு ராஜா. ஃபோர்டு 2021-ல இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சது, அதனால சர்வீஸ் எங்க பண்ணுவீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க. பில்லு இல்லாட்டி மாத்தலைன்னே வெச்சு வெலையில கழிச்சுருங்க. காலையில கூலா இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி, புகை, டர்போ விசில், இன்டர்கூலர் ஹோஸ்ல ஆயில் கசிவு பாருங்க. தினம் நாலு கிமீ மட்டும் ஓடற வண்டின்னா டீசல் எடுக்காதீங்க.

பலேனோ ஆர்எஸ் 2017-ல வந்து 2020-ல நின்னுபோச்சு. 1.0 டர்போ, 5 ஸ்பீடு மேனுவல், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், ஏபிஎஸ், ரெண்டு ஏர்பேக். 1,700-க்குக் கீழ தூங்கும், கொண்டை ஊசியில ஒண்ணாவது கியருக்கு எறக்கிப் பழகிக்கோணும். இன்ஜின் பாகம் மத்த பலேனோவோடது இல்ல, சிலதுக்குக் காத்திருக்கோணும். பின்னாடி டிஸ்க் இருக்குதான்னு குனிஞ்சு பாருங்க. ஸ்டிக்கர் மட்டும் ஆர்எஸ்-னு ஒட்டின சாதா பலேனோவை விக்கறவங்களும் உண்டு. உங்க உபயோகத்துக்கு என் ஓட்டு இதுக்குத்தானுங்க.

திருப்பூர்ஜென்02:

கம்ப்ரஷன் பாத்தாச்சு. போர்பிஸ்டன் அண்ணா சொன்ன மாதிரியே, த்ராட்டில் முழுசாத் திறந்து. ஒண்ணாவது 11.8, ரெண்டு 11.7, மூணு 9.1, நாலு 11.9. மூணாவதுல ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்திப் பாத்தா 9.3-தான் வருது. கிளட்ச் வழுக்கலை. மொதல்ல த்ராட்டில் முக்காலுக்குக் கொஞ்சம் மேல வரைக்குந்தான் திறந்துச்சு, கேபிளைச் சரி பண்ணிட்டுத்தான் கேஜ் போட்டேன்.

போர்பிஸ்டன்:

அப்ப ஒரு சிலிண்டர் நொண்டிக்கிட்டுத்தான் வால்பாறை ஏறியிருக்கீங்க. மத்த மூணும் 12-க்கு ஒட்டி வந்திருக்கு, இத்தனை ஓடின வண்டிக்கு அது போதும். ஆயில் ஊத்தியும் ஏறலைன்னா குறை பிஸ்டன் ரிங்குல இல்ல. ஒட்டுன மாதிரி ரெண்டு சிலிண்டர் எறங்கியிருந்தா ஹெட் கேஸ்கட்னு சந்தேகப்படலாம். ஒண்ணு மட்டும் எறங்கியிருக்கறதால வால்வுதான், அதுவும் எக்ஸாஸ்ட்டா இருக்கும்.

ஹெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி அந்த சிலிண்டரோட வால்வு கிளியரன்ஸைப் (வால்வுக்கும் அதைத் தள்ளற பாகத்துக்கும் நடுவுல உள்ள எடைவெளி) பாருங்க. எடைவெளி இல்லாம இறுகிக் கெடந்தா வால்வு முழுசா ஒக்காராது, கம்ப்ரஷன் அது வழியாப் போயிரும். மேனுவல் அளவுக்கு வெச்சுட்டு மறுபடி கேஜ் போடுங்க. ஏறிருச்சுன்னா வேலை முடிஞ்சுது, ஃபில்லர் கேஜ் (எடைவெளி அளக்கற மெல்லிய தகடு) காசோட போச்சு. ஏறலைன்னா பிளக் ஓட்டை வழியா காத்து அடிச்சு சைலன்சர் வாயில காதை வெச்சுக் கேளுங்க. உஸ்ஸுன்னு வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் வந்தா இன்டேக். காத்து அடிக்கறப்ப ரெண்டு வால்வும் மூடின நெலையில பிஸ்டன் மேல இருக்கோணும், இல்லாட்டி நல்ல வால்வு வழியாவும் கேக்கும். கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துருங்க, காத்து அழுத்தத்துல கிராங்க் சுத்தப் பாக்கும்.

எக்ஸாஸ்ட்னு உறுதியாச்சுன்னா ஹெட் எறக்கித்தான் ஆகோணும். இன்ஜின் ஆறினப்புறம் போல்ட்டை ஓரத்துல இருந்து நடுவுக்கு, ரெண்டு மூணு தடவையாத் தளர்த்துங்க. ஒரே மூச்சுல கழட்டினா அலுமினியம் ஹெட்டு வளைஞ்சுக்கும். நேர்ப்பட்டையும் ஃபில்லரும் வெச்சுப் பாத்து 0.05 மிமீ-க்கு மேல வளைவிருந்தா லேத்துல முகம் எடுக்கச் சொல்லுங்க, கண்ணுக்குத் தெரியற அளவுக்கு எடுக்க விடாதீங்க. வால்வு சீட் வெட்டி, கிரைண்டிங் பண்ணி, கைடு சீல் எல்லாம் புதுசு போடுங்க. ஹெட்டைத் திறந்ததோட டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணையும் மாத்திருங்க, அதுக்குன்னு தனியா ஒருக்கா பிரிக்கற கூலி மிச்சம்.

அதுக்கப்புறம் ஒருக்கா அதே நாலு பேரோட, ஏசியோட, அதே ஆழியாறு ஏத்தத்துல ஏறிப் பாருங்க. அப்பவும் பத்தலைன்னாத்தான் ஆர்எஸ் பாக்கப் போங்க. விக்கறதா இருந்தாலும் மூணு சிலிண்டர் வெலையில விக்கத் தேவையில்ல பாருங்க.

திருப்பூர்ஜென்02:

கிளியரன்ஸ் ஞாயித்துக்கெழமை பாக்கறேனுங்க. இன்ஜின் கூலா இருக்கறப்பவா, சூட்டுலயா?

போர்பிஸ்டன்:

மேனுவல்ல ரெண்டுக்கும் தனித்தனி அளவு இருக்கும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில கூல் அளவுக்கு வெக்கறது வீட்டுல பண்றவங்களுக்குச் சுலபம். சூட்டுல வெக்கப் போனா அஞ்சாவது வால்வுக்கு வர்றதுக்குள்ள ஆறிருது.